தட்டு, கண்ணாடி, பாக்கெட்: பேக்கரியில் எதை எங்கிருந்து வாங்குவது?

கோவை, திருப்பூர் பக்கம் டீக்கடை என்றாலே பேக்கரிதான். டீ குடிக்கப் போனவர் ஒரு தேங்காய் பன்னோ முட்டை பப்ஸோ சாப்பிடாமல் திரும்புவது அபூர்வம். அந்தக் கடைகளில் சரக்கு பல கோலங்களில் உட்கார்ந்திருக்கும். வாசல் மேடையில் திறந்த ட்ரேயில் பன், கல்லாவை ஒட்டிய கண்ணாடி ஷோகேஸில் கேக், மஞ்சள் பல்பு எரியும் சின்னப் பெட்டியில் பப்ஸ், பாட்டிலில் சால்ட் பிஸ்கெட், பாக்கெட்டில் ரஸ்க். மூடியிருந்தால் சுத்தம், திறந்திருந்தால் அசுத்தம் என்று பார்த்ததுமே முடிவு கட்டிவிடுகிறோம். அது பாதிதான் சரி. என்னைக் கேட்டால், அந்தக் கடையில் நான் முதலில் சந்தேகப்படுவது பல்புப் பெட்டிக்குள் பளபளக்கும் பப்ஸைத்தான். வாசலில் திறந்து கிடக்கும் பன் அதற்கு அடுத்ததுதான்.

ஏன் என்று சொல்கிறேன். அடுப்பில் வேகும்போது பன்னின் நடுப்பகுதி கிட்டத்தட்ட 95 டிகிரி வரை சூடேறுகிறது. சில பாக்டீரியாக்களின் சூடு தாங்கும் வித்துகளை (ஸ்போர்) தவிர மற்றதெல்லாம் அதில் செத்துவிடும். ஆக, அடுப்பிலிருந்து வெளியே வரும் நிமிடத்தில் எல்லாப் பண்டமும் ஏறக்குறைய சுத்தம். அதற்குப் பிறகு மூன்று வழிகளில் கெடுதல் வரலாம். மேலே வந்து உட்காரும் ஈயும் தூசியும் ஒன்று. எடுத்துக் கொடுக்கும் கை இன்னொன்று. கடைசியாக நேரம், அதாவது வந்து சேர்ந்த கிருமி பெருகுவதற்குக் கிடைக்கும் அவகாசம். மூடி என்பது முதலாவதை மட்டும்தான் தடுக்கும்.

இதோடு பண்டத்தின் ஈரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரஸ்க், சால்ட் பிஸ்கெட், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊட்டி வர்க்கி இவற்றில் எல்லாம் பாக்டீரியா வளரத் தேவையான ஈரம் கிடையாது. விழுந்த கிருமி அப்படியே கிடக்கும், பெருகாது. பன்னின் மேல்தோல் ஓரளவு காய்ந்தது, உள்ளே ஈரம். வெட்டிய கேக்கின் வெட்டுமுகம் முழுக்க ஈரம். மசாலா வைத்த பப்ஸ், க்ரீம் பூசியது இரண்டும் கிருமிக்கு விருந்து.

திறந்த ட்ரே

இதில் முதல் எதிரி ஈ. ஈக்குப் பல் கிடையாது. கெட்டியான பண்டத்தைத் தின்ன வேண்டுமென்றால் வயிற்றிலிருந்து திரவத்தைக் கக்கி, கரைத்து, உறிஞ்சிக்கொள்ளும். காலிலேயே சுவை அறியும் உறுப்பு இருப்பதால் மேலே நடந்து பார்த்துத்தான் தின்னலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும். அதற்கு முன்னால் அந்தக் கால் எங்கே நடந்தது என்பது பக்கத்துச் சாக்கடையைப் பொறுத்தது. சர்க்கரைப் பாகு தடவிய பன், தேங்காய் பன், ஜாம் வழியும் கேக் இவற்றைத்தான் ஈ தேடி வரும். வெறும் சால்ட் பன்னில் அதற்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. எனவே திறந்த ட்ரேயிலும் எல்லாம் ஒன்றல்ல.

ஈயை விரட்டக் கடைக்காரர்கள் செய்யும் ஏற்பாடுகளில் மேசை மின்விசிறி நிஜமாகவே வேலை செய்கிறது. காற்று வீசும் இடத்தில் ஈயால் சரியாக இறங்க முடியாது. ஆனால் கடை அவிநாசி சாலை மாதிரி பஸ் ஓடும் ரோட்டைப் பார்த்து இருந்தால், அதே விசிறி ரோட்டுப் புழுதியையும் பன் மேல் கொண்டுவந்து சேர்க்கும். ஊதுபத்தி மணக்கும், அவ்வளவுதான். நீல விளக்கு வைத்த மின்சார ஈப்பொறி இன்னும் மோசம், அதுவும் ட்ரேக்கு நேர் மேலே மாட்டியிருந்தால். 'பட்' என்று சத்தம் வரும்போது ஈ வெடித்துச் சிதறுகிறது. சிறகும் காலும் கீழே எங்கே விழும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தப் பொறியை உணவுக்கு மேலே மாட்டவே கூடாது.

வலை மூடி போட்டிருக்கும் கடைகள் பரவாயில்லை. ஆனால் வலை பன்னைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஈ வலை மேல் உட்கார்ந்தபடியே காரியத்தை முடித்துவிடும். கூடை மாதிரி உயர்ந்து நிற்கிற வலைதான் பயன் தரும்.

திறந்த ட்ரேக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. அதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. ஓட்டம் உள்ள கடையில் அந்த ட்ரே சீக்கிரம் காலியாகிவிடும். மாலையில் அடுப்பிலிருந்து வந்த சூட்டோடு மேடைக்கு வரும் பன் ஆறுவதற்குள் தீர்ந்துபோகிறது என்றால் ஈக்கும் நேரம் இல்லை, கிருமிக்கும் நேரம் இல்லை. அதே ட்ரேயில் காலையிலிருந்து நாலு பன் மட்டும் மிச்சம் கிடந்தால் அதைத் தொட மாட்டேன்.

கண்ணாடி ஷோகேஸ்

பார்க்க இதுதான் ராஜா. தூசி, இருமல், தும்மல், வாடிக்கையாளர் விரல் எல்லாவற்றையும் கண்ணாடி தடுக்கிறது. நம் பக்கம் மட்டும். கொஞ்சம் எட்டி உள்பக்கம் பாருங்கள். பின்னால் இருக்கும் நகர்த்துக் கதவு பல கடைகளில் நாள் முழுக்கத் திறந்தே இருக்கும். நிமிடத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டியிருப்பதால் யாரும் மூடுவதில்லை. உள்ளே நுழைந்த ஈக்கு அது சொர்க்கம். விரட்ட காற்றும் இல்லை. கண்ணாடிக்குள் ஈ சுற்றும் கடையைவிட விசிறி ஓடும் திறந்த மேடை மேல் என்பது என் கட்சி.

இன்னொன்று எறும்பு. ஷோகேஸின் ஓரங்களில் வெள்ளைக் கோடு இழுத்திருந்தால் அது எறும்பு சாக்பீஸ், பூச்சிமருந்து கலந்தது. காலடியில், மேசைக்கால்களைச் சுற்றிப் போட்டால் சரி. பண்டம் இருக்கும் தட்டுக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தால் அந்தக் கடையில் டீயோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஷோகேஸை உண்மையில் சுத்தமாக்குவது கண்ணாடியைவிட இடுக்கிதான். டீக்குச் சில்லறை வாங்கிய கை, ஈரத்துணியால் மேசை துடைத்த கை, அப்படியே உள்ளே போய் கேக்கை எடுத்தால் கண்ணாடி இருந்து என்ன பயன்? கையுறையும் பெரிய வித்தியாசம் செய்வதில்லை. கையுறையோடு பணம் வாங்கி, கையுறையோடு பன் எடுத்தால் அதுவும் ஒரு தோல்தான். சொல்லப்போனால் வெறுங்கையாவது பிசுபிசுத்தால் கழுவத் தோன்றும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2011 விதிமுறைகளில் நான்காம் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. உணவைக் கையாளும் ஊழியருக்கு வருடம் ஒரு முறை மருத்துவப் பரிசோதனை வேண்டும், டைபாய்டு வகை நோய்களுக்குத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்கிறது அது. கண்ணாடி எவ்வளவு உயரம் என்பதைவிட கையைப் பற்றித்தான் விதியும் அதிகம் கவலைப்படுகிறது.

பல்புப் பெட்டி

இப்போது பப்ஸுக்கு வருவோம். முட்டை பப்ஸ், சிக்கன் பப்ஸ், காய்கறி பப்ஸ் எல்லாவற்றுக்கும் உள்ளே ஈரமான மசாலா. வெங்காயம், எண்ணெய், அவித்த முட்டை அல்லது கறி. 200 டிகிரி அடுப்பில் வெந்து வருவதால் முதலில் பிரச்சினை இல்லை. பிறகு பெட்டிக்குள் அடுக்கி, ஒரு பல்பைப் போட்டுவிடுகிறார்கள்.

உணவுப் பாதுகாப்பில் பரவலாகச் சொல்கிற பால பாடம் ஒன்று: குளிர்ச்சியாக வைப்பதானால் 5 டிகிரிக்குக் கீழே, சூடாக வைப்பதானால் 60 டிகிரிக்கு மேலே. இரண்டுக்கும் நடுவில் ஈரமான உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது. சாதாரண பல்பு எரியும், கதவு அடிக்கடி திறக்கும் பெட்டியில் பப்ஸ் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அந்த வெதுவெதுப்பு நம் உடம்புச் சூட்டுக்குப் பக்கத்தில்தான் வரும். நோய்க்கிருமிகள் மிக வேகமாகப் பெருகுவதும் அந்தச் சூட்டில்தான். ஈ இல்லை, தூசி இல்லை, கண்ணாடி துடைத்து வைத்தது போலிருக்கிறது. ஆனாலும் அந்தப் பெட்டி செய்கிற வேலை, தயிருக்கு உறை ஊற்றி அடுப்போரம் வைப்பது மாதிரிதான்.

"சூடு பண்ணித் தரேன் சார்" என்று மைக்ரோவேவில் வைத்துத் தருவார்கள். கிருமி சாகும், சரி. ஆனால் மூக்கிலும் தோலிலும் குடியிருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் வகை பாக்டீரியா பெருகும்போது ஒரு நச்சை உண்டாக்கிவிடுகிறது. அந்த நச்சு சூட்டுக்கு அசையாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி வருவதற்கு அது போதும்.

எனவே பப்ஸ் வாங்க என் வழி: "அண்ணா, பப்ஸ் எப்போ வந்துச்சு?" என்று கேட்பது. கடைக்காரர் கோபித்துக்கொள்வதில்லை. நல்ல கடையில் "அஞ்சு மணிக்கு வரும், அப்ப வாங்க" என்று அவரே சொல்வார். வெப்பநிலை காட்டும் முள்ளோ எண்ணோ வைத்த நிஜமான சூட்டுப்பெட்டி சில கடைகளில் இருக்கிறது. அங்கே எடுத்த பப்ஸைக் கையில் பிடிக்க முடியாது. அங்கே தாராளமாக வாங்கலாம்.

பாட்டில்

சால்ட் பிஸ்கெட்டும் நெய் பிஸ்கெட்டும் பாட்டிலில் இருப்பதில் எனக்குக் குறை இல்லை. காய்ந்த சரக்கு, இறுகிய மூடி. உள்ளே போகிற கை மட்டும் கவனிக்க வேண்டியது. காய்ந்த பண்டத்தில் கிருமி பெருகாது என்றேனே தவிர, சாகும் என்று சொல்லவில்லை. வயிற்றுப்போக்கு வைரஸ் மாதிரியானவைக்குப் பெருக வேண்டிய தேவையே இல்லை. மிகக் கொஞ்சம் உள்ளே போனாலே போதும்.

பாக்கெட்

பிரெட்டுக்கு பாக்கெட்தான். இதில் போட்டியே கிடையாது. துண்டு போட்ட பிரெட் என்றால் ஒவ்வொரு துண்டும் இரு பக்கமும் வெட்டுமுகம். அதைத் திறந்து வைக்கவே கூடாது. பாக்கெட்டில் தயாரித்த தேதி, சாப்பிட வேண்டிய கெடு, 14 இலக்க உரிம எண் எல்லாம் இருக்க வேண்டும். தப்பு நடந்தால் யாரைப் பிடிப்பது என்பதாவது தெரியும். ட்ரேயில் கிடக்கும் பன்னுக்குப் பிறந்த நாள் எது என்று யாருக்கும் தெரியாது. தட்டில் வைத்து விற்கும் இனிப்புகளுக்குக் கெடு தேதியை எழுதி வைக்க வேண்டும் என்று 2020 அக்டோபர் 1 முதல் விதி வந்தது. அதனால்தான் சில கடைகளில் பால்கோவா தட்டில் மட்டும் சின்ன அட்டை நிற்கும், கீழ்த்தட்டு ஜாம் ரோலுக்கு ஒன்றும் இருக்காது.

ஆனாலும் பாக்கெட்டைக் கண்மூடி நம்ப வேண்டாம். சூடு ஆறுவதற்குள் கவரில் போட்டுக் கட்டினால் உள்ளே வியர்த்து நீர் கோத்துக்கொள்ளும். பூசணம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். வெயில் காலத்தில் இன்னொன்றும் நடக்கும். அடுப்பில் சாகாமல் தப்பிய வித்துகள் உள்ளே முளைத்து, பிரெட்டைப் பிய்த்தால் நூல் நூலாக இழுக்கும், அழுகிய பழ வாசனை வரும். வெளியே மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் இதைத் தடுக்க முடியாது. கவரின் உள்பக்கம் நீர்த்துளி தெரிந்தால் அந்த பாக்கெட்டைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

அப்படியானால் ஒவ்வொரு பன்னையும் தனித்தனியாகச் சுற்றிவிடலாமே என்று தோன்றும். உணவைச் சுற்றும் பிளாஸ்டிக் தாள் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பட்டியலில் இருக்கிறது. காகிதத்தில் சுற்றினால் மேல்தோல் நன்றாக இருக்கும், ஆனால் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. பார்த்து வாங்குகிற பழக்கம் உள்ள ஊரில் அது எடுபடுவதில்லை.

நாமே எடுக்கும் தட்டு

சிங்கப்பூர், ஜப்பான் பாணியில் ஒரு தட்டும் இடுக்கியும் கொடுத்து நம்மையே எடுத்துக்கொள்ளச் சொல்லும் கடைகள் மால்களில் உண்டு. பணம் தொடுகிற கை பண்டத்தைத் தொடாது. அது நல்ல விஷயம். ஆனால் குனிந்து பார்க்கும் ஒவ்வொருவருடைய மூச்சும் பேச்சும் நேராக பன் மேல். இடுக்கியின் பிடி எல்லோருடைய கையிலும் போய் வந்தது, அதைத் திரும்ப ட்ரேயிலேயே சாய்த்து வைப்பார்கள். கீழ்த்தட்டு சரியாகக் குழந்தைகளின் விரல் உயரம். தூக்கித் திறக்கும் அக்ரிலிக் மூடி ஒவ்வொரு தட்டுக்கும் இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் அதே கடையில் பின்வரிசையில் இருப்பதைக் கேட்டு எடுக்கலாம்.

க்ரீம்

டால்டாவும் சர்க்கரையும் அடித்த க்ரீம் பன் வெளியில் ஒரு நாள் தாங்கும். சர்க்கரை அதிகம், ஈரம் குறைவு. பால் க்ரீம் வைத்த பேஸ்ட்ரி குளிர்பெட்டியில் இருந்தால் மட்டும் வாங்குங்கள். அந்தப் பெட்டியின் விளக்கு எரிந்து குளிர் இல்லாமல் இருப்பதும் உண்டு. கண்ணாடியைத் தொட்டாலே தெரிந்துவிடும்.

இத்தனையும் பார்த்து நல்ல ட்ரேயிலிருந்து நல்ல பன்னை இடுக்கியால் எடுத்த பிறகு, அதைச் செய்தித்தாளில் சுற்றித் தருகிற கடைகள் இன்னும் இருக்கின்றன. அச்சு மையில் உள்ளவை எண்ணெய்ப் பண்டத்தில் இறங்கும் என்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே எச்சரித்தது, 2023-ல் மறுபடியும் சொன்னது. பப்ஸ் மாதிரி நெய் கசிகிற பண்டத்துக்குத்தான் இது அதிகம் பொருந்தும். "அண்ணா, கவர்ல போட்டுக் குடுங்க" என்றால் உள்ளேயிருந்து வெள்ளைக் காகிதக் கவர் வரும்.

பன் பட்டர் ஜாமுக்கு இந்த ஒப்பீடு எதுவும் உதவாது. பன் எங்கிருந்து வந்தாலும், அதைப் பிளக்கும் கத்தி ஒன்றுதான், அது துடைக்கப்படுவது மேசை துடைக்கும் துணியில்தான். வெண்ணெய் டப்பா காலையிலிருந்து மேடையில் திறந்திருக்கும். பாக்கெட் பன்னை வாங்கிக்கொண்டு, பட்டரையும் ஜாமையும் வீட்டில் தடவிக்கொள்வதே உத்தமம்.