பண்ணையாரா, பெர்மிட் அதிகாரியா: இடதுசாரியும் வலதுசாரியும் பயப்படும் ஆட்கள்

1967 தேர்தலில் சென்னை மாநிலத்தில் திமுக கட்டிய கூட்டணியில் ராஜாஜியின் வலதுசாரி சுதந்திராக் கட்சி இருந்தது. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் இருந்தது. அதற்குப் 15 ஆண்டுகளுக்கு முன், முதலமைச்சராகி சில மாதங்கள்கூட ஆகாத நிலையில், கம்யூனிஸ்டுகளே தன்னுடைய முதல் எதிரி என்று சட்டமன்றத்தில் முழங்கியவர் ராஜாஜி. அந்த எதிரிகளில் ஒரு பிரிவினரும் அவரும் சேர்ந்து காங்கிரஸைத் தோற்கடிக்க ஓட்டுக் கேட்டார்கள். சுதந்திராவுக்கு 20 இடம், மார்க்சிஸ்டுகளுக்கு 11 இடம்.

‘நம்ம ஊரில் இடதாவது வலதாவது, எல்லாம் சும்மா’ என்று சொல்பவர்கள் இந்தக் கூட்டணியைத்தான் ஆதாரமாகக் காட்டுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இடதுசாரி என்றால் என்ன, வலதுசாரி என்றால் என்ன என்று ஒருவருக்கு விளக்க வேண்டுமானால், அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் போகாமல் இந்த இரண்டு கட்சிகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாலே போதும்.

பெயர் வந்த கதை சின்னது. 1789இல் பிரான்சின் தேசிய மன்றத்தில், சட்டங்களைத் தடுத்து நிறுத்தும் வீட்டோ அதிகாரம் ராஜாவுக்கு இருக்கலாமா என்ற விவாதம் வந்தது. ராஜா பக்கம் நின்றவர்கள் அவைத்தலைவருக்கு வலப்புறமும், எதிர்த்தவர்கள் இடப்புறமும் உட்கார்ந்தார்கள். ராஜாவும் போய், அந்த மன்றமும் போய், உட்கார்ந்த திசை மட்டும் உலகம் பூராவும் பெயராக ஒட்டிக்கொண்டது.

சமத்துவம் இடது, சுதந்திரம் வலது என்று பாடப்புத்தகம் சொல்லும். தப்பில்லை, ஆனால் எந்தக் கட்சி மேடையிலும் இரண்டு வார்த்தையும் கேட்கும் என்பதால் அது அதிகம் உதவாது. நான் வைத்திருக்கும் அளவுகோல் வேறு: ஒரு கட்சி யாரைக் கண்டு அதிகம் பயப்படுகிறது? இடதுசாரிக்குப் பயம், நிலத்தையும் ஆலையையும் கையில் வைத்திருப்பவனிடம். வலதுசாரிக்குப் பயம், முத்திரையும் கோப்பும் கையில் வைத்திருக்கும் அதிகாரியிடம். பண்ணையாரை அடக்க அரசாங்கத்தைக் கூப்பிடு என்பார் முன்னவர். அரசாங்கத்தை அடக்க வேண்டுமானால் சொத்து தனியார் கையில் இருக்கட்டும் என்பார் பின்னவர். ஒருவருக்கு மருந்தாகத் தெரிவது மற்றவருக்கு நோயாகத் தெரிகிறது.

முதலில் பண்ணையார். பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு பண்ணையாளுக்கும் நிலச்சொந்தக்காரரான மிராசுதாருக்கும் நடுவில் ‘சுதந்திரமான ஒப்பந்தம்’ என்று எதுவும் இருந்ததில்லை. குடியிருந்த மனைகூட மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் சவுக்கடி, சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பால். 1940களில் பி. சீனிவாச ராவ் போன்ற கம்யூனிஸ்டுகள் ஊர் ஊராகச் செங்கொடிச் சங்கம் கட்டித்தான் அந்தத் தண்டனைகளுக்கு முடிவு கட்டினார்கள். விரும்பினால் வேலை செய், விரும்பாவிட்டால் வேறு இடம் பார் என்ற சந்தைக் கோட்பாடு, போக வேறு இடமே இல்லாதவனுக்கு என்ன பயன்? இந்தக் கேள்விக்கு வலதுசாரிகளிடமிருந்து நேரான பதில் ஒன்றை நான் இதுவரை கேட்டதில்லை.

வேடிக்கை என்னவென்றால், ராஜாஜிக்கே அந்தச் சந்தைக் கோட்பாட்டில் முழு நம்பிக்கை இருக்கவில்லை. கம்யூனிஸ்டுகளை எதிரி என்று அறிவித்த அதே 1952இல், தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது அவருடைய அரசுதான். நினைத்த நேரத்தில் வெளியேற்றுவதற்குத் தடை, குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு. மிராசுதார்கள் கொதித்தார்கள். கம்யூனிஸ்டுகளின் காலடி மண்ணை எடுக்கத்தான் அவர் அதைச் செய்தார் என்பது ஒரு வாதம். இருக்கட்டும். செங்கொடி அங்கே பறந்திருக்காவிட்டால் அந்தச் சட்டம் வந்திருக்காது என்பதுதானே அந்த வாதத்தின் பொருள்!

காமராஜர் ஆட்சியில் 1956இல் வந்த நியாயவாரச் சட்டம் நன்செய்யில் நிலச்சொந்தக்காரர் பங்கு 40 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கைத் திருப்பிப் போட்டது. ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளக்கூடிய நிலத்துக்கு 1961 உச்சவரம்புச் சட்டம் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துப் போடும் கணக்கு) என்றது. 1970இல் அது 15 ஆனது. பினாமியும் அறக்கட்டளையும் அதில் எவ்வளவு ஓட்டை போட்டன என்பது டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பக்கத்துக் கேரளத்தில் 1957 ஏப்ரலில் பதவியேற்ற இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அரசு, முதல் வாரத்திலேயே குத்தகைதாரர் வெளியேற்றத்தை நிறுத்தி ஆணை போட்டது. அந்த அரசை 1959 ஜூலை 31 அன்று மத்திய அரசு கலைத்தது.

அதே 1959 கோடையில்தான் சுதந்திராக் கட்சி பிறந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் நாக்பூரில் காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணை முறைக்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டிருந்தது. விவசாயியின் நிலத்தைச் சோவியத் பாணியில் பிடுங்கப் போகிறார்கள் என்று கிளம்பியவர்கள் ராஜாஜி, என்.ஜி. ரங்கா, மினூ மசானி. இதில் ரங்கா ஆந்திர விவசாயிகளின் தலைவர். மசானி ஒரு காலத்தில் சோஷலிஸ்ட்! கட்சியில் மகாராஜாக்களும் தொழிலதிபர்களும் சேர்ந்ததால் பணக்காரர் கட்சி என்ற முத்திரை விழுந்தது. ஆனால் நாலு ஏக்கர் வைத்திருப்பவனின் பயமும் அதற்குள் இருந்தது. அந்தப் பயத்தை இடதுசாரிகள் ஒருபோதும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்பது என் எண்ணம்.

அடுத்து அதிகாரி. ‘பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்’ என்று ராஜாஜி ஓயாமல் திட்டியது இவரைத்தான். 1951 தொழில் சட்டத்தின் கீழ் பெரிய ஆலை தொடங்க லைசென்ஸ். விரிவாக்கவும் லைசென்ஸ். அனுமதித்த அளவுக்கு மேல் உற்பத்தி செய்தால் அதுவே குற்றம். பொருளுக்குத் தட்டுப்பாடு இருக்கும் நாட்டில், அதிகமாகச் செய்தவன் குற்றவாளி. ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். தொலைபேசிக்கும் அதே கதைதான். இதில் பெரிய முதலாளிகள் அப்படி ஒன்றும் பாதிக்கப்படவில்லை. அவர்கள் டெல்லியில் ஆள் வைத்து லைசென்ஸ்களை வாங்கி வைத்துக்கொண்டு போட்டியாளர்களை வெளியே நிறுத்தினார்கள். முதலாளியை அடக்க வந்த அதிகாரி முதலாளிக்கே காவல்காரன் ஆனார். 1991 ஜூலையில் பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸை ஒழித்தது நரசிம்ம ராவின் காங்கிரஸ் அரசு. ராஜாஜி இறந்து 18 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. சுதந்திராக் கட்சி 1974லேயே பாரதிய லோக் தளத்தில் கரைந்துவிட்டிருந்தது.

ஆக, என்னைக் கேட்டால் தஞ்சாவூர் விஷயத்தில் நான் இடதுசாரி, ஸ்கூட்டர் விஷயத்தில் வலதுசாரி. இது நழுவல் பதில் என்று இரண்டு பக்கத்து நண்பர்களும் என்னைத் திட்டியிருக்கிறார்கள். ஆனால் குத்தகை வாரமும் லைசென்ஸும் இரண்டு வேறு கேள்விகள். ஒரே பதிலை இரண்டுக்கும் எழுதினால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

வலதுசாரிக்கு இன்னொரு முகம் உண்டு. பழக்கவழக்கத்தையும் ஒழுக்கத்தையும் காப்பாற்றும் முகம். அங்கே வந்ததும் அரசாங்கத்தின் மேல் இருந்த பயம் எங்கேயோ போய்விடுகிறது. 1937இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர் ராஜாஜி. போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரியைப் போட்டவரும் அவரே. ஒருவன் என்ன விற்கலாம் என்பதில் தலையிடாதே என்பவர், என்ன குடிக்கலாம் என்பதில் தலையிடத் தயங்கவில்லை. 1953இல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்று அவர் கொண்டுவந்த திட்டம் குலக்கல்வி என்று பெயர் வாங்கி அவருடைய பதவிக்கே உலை வைத்தது. சம்பிரதாயத்தில் கைவைக்காதே என்ற வலதுசாரி உணர்வுக்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் கிடைக்காது.

இடதுசாரிகளும் தங்கள் பாடத்தை ஒழுங்காகப் படிக்கவில்லை. நம்பூதிரிபாட் அரசுதான் பிர்லாவை மாவூரில் ரயான் ஆலை போட அழைத்தது. ஆட்சிக்கு வந்ததும் வேலைவாய்ப்பு வேண்டும், அதற்கு முதலாளி வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

அப்புறம் சாதி. இங்கே இரண்டு அளவுகோலும் தடுமாறுகின்றன. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்டதும் செங்கொடியை இறக்க மறுத்ததும் காரணம் என்றார்கள் இடதுசாரிகள், அது உண்மைதான். ஆனால் செத்தவர்கள் அத்தனை பேரும் தலித்துகள் என்பதைக் கூலிக் கணக்கால் மட்டும் விளக்க முடியாது. சாதியை வர்க்கத்துக்குள் அடக்கிவிடப் பார்த்தது இடது. அதைக் குடும்ப விஷயம் போல ஒதுக்கியது வலது. தமிழ்நாட்டு அரசியலின் பெரிய இடம் இந்த இரண்டுக்கும் வெளியே போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 1967இலேயே பாருங்கள்: பெரியார் காமராஜரின் காங்கிரஸை ஆதரித்தார், எதிர் அணியில் ராஜாஜியும் மார்க்சிஸ்டுகளும். திமுகவின் முழக்கமோ ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம். 1952இல் உணவுக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் எடுத்துப் பெயர் வாங்கிய ராஜாஜி, அரசாங்கமே அரிசி விலையை நிர்ணயிப்பேன் என்ற கட்சிக்கு ஓட்டுக் கேட்டார்.

இன்று வலதுசாரி என்றதும் பலருக்கு நினைவு வருவது பாஜக. அதன் வேர் 1951இல் தொடங்கிய ஜனசங்கம். சுதந்திராவின் கவலை சொத்தும் லைசென்ஸும். ஜனசங்கத்தின் கவலை தேசமும் பண்பாடும். இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பது குழப்பத்தைத்தான் வளர்க்கிறது. அதற்கு ஒரு சான்று: சொத்துரிமையை அடிப்படை உரிமைகள் பட்டியலிலிருந்து நீக்கிய 44ஆவது திருத்தம் 1978இல் ஜனதா ஆட்சியில் நிறைவேறியது. அந்த ஆட்சியில் பழைய ஜனசங்கத்தாரும் இருந்தார்கள், நிதியமைச்சராகப் பழைய சுதந்திராக்காரர் எச்.எம். பட்டேலும் இருந்தார்.

கடைசியாகச் சிங்கூர். 2006இல் மேற்கு வங்க இடது முன்னணி அரசு, டாடாவின் நானோ கார் ஆலைக்காக ஆயிரம் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான நிலத்தைக் கையகப்படுத்தியது. பயன்படுத்தியது 1894ஆம் ஆண்டு பிரிட்டிஷ்காரர் போட்ட சட்டம். என் நிலம், நான் விற்க மாட்டேன் என்று எதிர்த்து நின்றவர்கள் சின்னச் சின்ன விவசாயிகள். 2008இல் டாடா குஜராத்தின் சானந்துக்குப் போய்விட்டது, 2011இல் 34 ஆண்டு ஆட்சி முடிந்தது. 2016இல் உச்சநீதிமன்றம் கையகப்படுத்தலை ரத்து செய்து நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னபோது, அதில் ஒரு பகுதி கான்கிரீட் கலந்து உழ முடியாமல் கிடந்தது.