பன்னிரண்டு சொல்லும் போச்சு, 4 இலட்சத்து 80 ஆயிரமும் போச்சு

செவ்வாய்க்கிழமை விடியப்புறம் 2.14க்கு என்னுடைய 4 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா போய்விட்டது. நான் வெள்ளவத்தையில் நல்ல நித்திரை.

இரண்டு வருடமாக மொழிபெயர்ப்பு வேலைக்கு வெளிநாட்டுக்காரர் தந்த யூஎஸ்டிடி அது, ஒன்று ஏறத்தாழ ஒரு டொலர் பெறும் கிரிப்டோ காசு. செலவழிக்காமல் போனில் இருந்த வாலட்டிலேயே, அதாவது கிரிப்டோவை வைத்திருக்கும் செயலியிலேயே, சேர்த்தேன். போன் விழுந்து உடைந்ததும் காலி வீதியில் ஒரு போன் கடைக்குப் போனேன். கவுண்டரில் நின்ற பெடியன் அவ்வளவு மரியாதை. "அக்கா, இருங்கோ" என்று மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டான். புதுப் போனுக்கு எல்லாவற்றையும் மாற்றினான், வாலட் மட்டும் திறக்கவில்லை. "அந்தப் பன்னிரண்டு சொல் இருக்கா அக்கா? போட்டா உடனே வந்திடும்."

வாலட் திறந்தபோது அது தந்த சொற்கள் அவை. அவைதான் சாவி, தெரிந்தவர் எவரும் வேறு போனிலும் வாலட்டைத் திறந்து காசை எடுக்கலாம். மகளின் கணக்குக் கொப்பியின் கடைசித் தாளில் பென்சிலால் எழுதியிருந்தேன். தேவைப்படுமென்று கொப்பியையே கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொரு சொல்லாக நானே வாசித்தேன். ஒன்பதாவது சொல் மங்கியிருந்தது. அவன் கொப்பியை வாங்கி, லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். அந்த நிமிடம்தான் இப்போது கண்ணை மூடினாலும் வருகிறது.

காசு போனதும் கடைக்குப் போன் அடித்தேன். "நெட்வொர்க் பிரச்சினை அக்கா, பின்னேரம் வந்திடும்." பின்னேரம் முதலாளி இல்லை. மறுநாள் நேரே போனால் பெடியன் வேலையை விட்டுவிட்டானாம். முதலாளி தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "நாங்க போன்தானே வித்தனாங்கள், பில்லைப் பாருங்கோ." வாலட்காரருக்கு எழுதினேன். சாவி உங்களிடம்தான், நாங்கள் பொறுப்பில்லை என்று ஒரே பதில் மூன்று தடவை வந்தது.

கிரிப்டோ பாதுகாப்பானது என்றுதான் நானும் நம்பினேன். பூட்டு உண்மையிலேயே பலமானதுதான். 2048 சொற்கள் உள்ள பட்டியலில் இருந்து ஒழுங்கில்லாமல் எடுத்த 12 சொற்களை ஊகித்துப் பிடிக்க உலகத்துக் கணினி எல்லாம் சேர்ந்தாலும் ஏலாது. அதனால் கள்ளன் பூட்டை விட்டுவிட்டு ஆளிடம் வருகிறான். 2025 பெப்ரவரியில் பைபிட் என்ற கிரிப்டோ வாங்கி விற்கும் பரிமாற்றகத்தில் ஏறத்தாழ 150 கோடி டொலர் பெறும் ஈதர் என்ற கிரிப்டோ காசு போனதும் அப்படித்தான். காசை அனுப்ப ஒப்பம் வைக்கும் அங்குள்ளவர்களின் திரையில் வழக்கமான பரிமாற்றம் போலக் காட்டி, வேறொன்றுக்கு ஒப்பம் வாங்கிவிட்டார்கள். வடகொரியாவின் வேலை என்று அமெரிக்காவின் எஃப்பிஐ சொன்னது. அவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படியென்றால் கொப்பியோடு போன நான் எந்த மூலைக்கு?

காசு போன வழி எல்லாம் தெரிகிறது. காசு போய்ச் சேர்ந்த வாலட்டின் டி (T) எழுத்தில் தொடங்கும் முகவரி, நேரம், தொகை எல்லாம் இணையத்தில் எவரும் பார்க்கலாம். தொட முடியாது. 4 இலட்சத்து 80 ஆயிரம்!

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அந்தச் சொற்களைக் கடைக்காரனுக்கோ கஸ்டமர் கெயார் என்று வருபவனுக்கோ சொல்லாதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள். ஏற்கெனவே யாருக்காவது காட்டியிருந்தால் இன்றைக்கே புது வாலட் திறந்து காசை மாற்றுங்கள். மீட்டுத் தருகிறேன் என்று முன்காசு கேட்பவனை நம்பாதீர்கள், எனக்கு அதற்குள் இரண்டு பேர் மெசேஜ் போட்டுவிட்டார்கள். முறைப்பாடு கொடுத்தாயிற்று. நாளைக் காலை அந்த முகவரிப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு மறுபடி பொலிஸுக்குப் போகிறேன், கொப்பியையும் எடுத்துக்கொண்டு.