தமிழும் எழுதும் மேசைக்கு எந்தப் பேனா? லாமி 2000, பைலட் கேப்லெஸ், பிளாட்டினம் 3776

மொரிஷியஸ் பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் எங்கள் கையில் ஒரே பேனா மூன்று மொழிக்கு உழைக்கிறது. பிள்ளைகளின் நோட்டில் தமிழ், அலுவலகத்துக்குப் போகும் அறிக்கையில் ஆங்கிலம், சக ஆசிரியருக்கு அனுப்பும் துண்டுச் சீட்டில் பிரெஞ்சு. நல்ல மைப்பேனா வாங்க நினைக்கும் நண்பர்கள் எந்தக் கம்பெனி என்று கேட்கிறார்கள். தினமும் தமிழில் எவ்வளவு எழுதுகிறீர்கள் என்பதுதான் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி.

ஏனென்றால் நம் எழுத்து சுழியில் நிற்கிறது. மூன்று சுழி ண, இரண்டு சுழி ன. இந்த வேறுபாட்டைப் பிள்ளைக்குக் காட்டத் திருத்தி எழுதும்போது கோடு தடித்துச் சுழிக்குள் மை அடைத்துக்கொண்டால், திருத்தியதே வீண். ஞ, இ, ணை எல்லாவற்றுக்கும் இதே கதிதான். அதனால் பெயரையும் விலையையும் பார்ப்பதற்கு முன் நிப்பின் பருமனைப் பார்க்க வேண்டும். ஜப்பான் கம்பெனிகளின் ஃபைன் (மெல்லிய கோட்டு) நிப், ஜெர்மானியக் கம்பெனிகளின் ஃபைனைவிடப் பொதுவாக மெல்லியது. கடைப் பெட்டியில் இரண்டிலும் F என்ற ஒரே எழுத்து போட்டிருப்பதால் பலர் இதைக் கவனிப்பதில்லை.

ஜெர்மானியப் பேனாவான லாமி 2000-இன் அழகை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். கெர்ட் ஆல்ஃபிரட் முல்லர் வடிவமைத்து 1966-இல் வந்த பேனா. இன்றைக்கும் பழையதாகத் தெரியவில்லை. மக்ரோலான் என்ற பிளாஸ்டிக் உடல் கையில் மரம்போல இதமாக இருக்கும், வியர்த்தாலும் வழுக்காது. பின்பக்கத்தைத் திருகிப் புட்டியிலிருந்து நேராக மை உறிஞ்சலாம். ஒருமுறை நிரப்பினால் நிறைய எழுதலாம். 14 காரட் தங்க நிப் மையைத் தாராளமாக விடுகிறது. பிரெஞ்சில் கூட்டெழுத்தாக வேகமாய் எழுத இதைவிடச் சுகமான பேனா இந்த மூன்றில் இல்லை. ஆனால் அதே தாராளம் நம் பள்ளி நோட்டுத் தாளில் பரவுகிறது, மழை அதிகமுள்ள கியூர்பிப் ஊர்ப் பக்கத்து ஈரக் காற்றில் ஊறிய தாளில் இன்னும் மோசம். நிப்பைச் சற்றே சாய்த்துப் பிடித்தாலும் கோடு விட்டுவிட்டு வரும். இதை வாங்கியே தீருவேன் என்பவர்கள் எக்ஸ்ட்ரா ஃபைன் எடுங்கள்.

ஜப்பானின் பைலட் கேப்லெஸ் 1963-இலிருந்து வருகிறது. மூடி கிடையாது, பின்னால் அழுத்தினால் 18 காரட் நிப் வெளியே வரும், மறுபடி அழுத்தினால் உள்ளே போய்ச் சிறு கதவு மூடிக்கொள்ளும். வகுப்பில் நின்றுகொண்டே ஒரு கையில் நோட்டும் மறு கையில் பேனாவுமாக நடப்பவருக்கு இது வரம். கிளிப்போ எழுதும் முனைப் பக்கத்திலேயே இருக்கிறது. விரல் பிடிக்குள் அது ஒத்துவரவில்லையென்றால் நாள் முழுக்க உறுத்தும். கடையில் பிடித்துப் பார்க்காமல் வாங்கவே கூடாது. மை உறிஞ்சி வைக்கும் உள்குழாயான கன்வர்ட்டரில் பிடிக்கும் மையும் குறைவு.

என் தேர்வு, இதுவும் ஜப்பான் பேனாவான பிளாட்டினம் 3776 செஞ்சுரி, ஃபைன் நிப். ஃபூஜி மலையின் உயரமான 3776 மீட்டர்தான் அந்த எண். 14 காரட் நிப் தாளை லேசாக உரசுவது விரலுக்குத் தெரியும். வழவழப்பை விரும்புகிறவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம். எனக்கு அந்த உரசல்தான் சுழியை எங்கே நிறுத்துவது என்று காட்டுகிறது. ழு, ணை எல்லாம் திறந்த வயிற்றோடு தெளிவாக நிற்கின்றன. மூடிக்குள் இருக்கும் ஸ்பிரிங் அடைப்பு காற்றைத் தடுப்பதால், ஆண்டு இறுதி விடுமுறை முடிந்து திறந்தாலும் முதல் எழுத்திலேயே மை வருகிறது. திருகு மூடி என்பதால் அவசரக் கையெழுத்துக்குக் கேப்லெஸ் அளவுக்கு வேகம் கிடையாது, அவ்வளவுதான் குறை.

கார்பன் வைத்த படிவங்களுக்கு மைப்பேனா எதுவும் உதவாது. அங்கே அழுத்தம் வேண்டும். காரன் டாஷ் 849 பால்பாயிண்ட் போதும்.

மை விஷயத்தில் ஒன்று. ராயல் புளூ மையை எரேசர் பேனாவால் பிள்ளைகளே அழித்துவிடலாம், மழைத்துளி பட்டாலும் கரையும். பதிவேட்டுக்கு இரும்பு கலந்த புளூ பிளாக் மை போடுங்கள். பெலிக்கன் 4001-இலும் பிளாட்டினத்திலும் அந்த வகை உண்டு. காற்றுப் பட்டுக் கறுத்துத் தாளில் ஒட்டிக்கொள்ளும். பேனாவுக்குள் காயவிடாமல் அவ்வப்போது தண்ணீரில் கழுவ வேண்டும். சிவப்பு மைக்காக இதே பேனாவைக் கழுவிக் கழுவி மாற்ற வேண்டாம். பிளாட்டினத்தின் மலிவான பிரெப்பியிலும் அதே மூடி அடைப்பு இருக்கிறது, அதன் 03 நிப் திருத்தத்துக்குச் சரியாக இருக்கும்.