டாட்சன் 280இசட்டில் எல்.எஸ். என்ஜின்: ஒயரிங்கை முடிவு செய்வது புகை விதியே

கலிபோர்னியாவில் ஒரே தெருவில் 1975 மாடல் டாட்சன் 280இசட் ஒன்றும் 1976 மாடல் 280இசட் ஒன்றும் நிற்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் அதே 2.8 லிட்டர் ஆறு சிலிண்டர் என்ஜின். பழக்கமில்லாத கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் மாநில விதி இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. 1975 மாடல் வரையிலான பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனை கிடையாது; 1976 மாடலுக்கோ மாநிலத்தின் பெரும்பாலான பகுதிகளில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை உண்டு. பழைய என்ஜினை இறக்கிவிட்டு ஜெனரல் மோட்டார்ஸின் எல்.எஸ். வகை எட்டு சிலிண்டர் என்ஜினை ஏற்ற விரும்புகிறவர் எந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியை வாங்கலாம், எந்த ஒயரைப் பிரிக்கலாம் என்பதையெல்லாம் இந்த ஓராண்டு வித்தியாசமே தீர்மானிக்கிறது. பலர் ஒயரிங்கை முதலில் முடித்துவிட்டுப் புகை விதியைக் கடைசியில் பார்க்கிறார்கள். பணமும் மாதங்களும் வீணாவது அங்கேதான் என்பது என் உறுதியான கருத்து.

1997-இல் கார்வெட்டில் அறிமுகமான 5.7 லிட்டர் எல்.எஸ்.1-இல், தீப்பொறிக்கான மின்சாரத்தைச் சிலிண்டர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தீப்பொறி தரும் தனிக் காயில் இருக்கிறது, கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) எங்கே நிற்கிறது என்பதை ஒரு சென்சார் சொல்ல வேண்டும். ஆகவே எந்த வழியில் போனாலும் ஏதோ ஒரு மின்னணுப் பெட்டி தேவைப்படும். நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன: கார்பரேட்டர், வேறு நிறுவனங்கள் விற்கும் தனித்தியங்கும் இ.சி.யு. (என்ஜினை இயக்கும் கணினி), கொடை வண்டியின், அதாவது என்ஜினைக் கழற்றி எடுக்கும் வண்டியின், சொந்த ஒயர் கட்டு, ஜெனரல் மோட்டார்ஸே தரும் ஈ-ராட் தொகுப்பு.

கார்பரேட்டர் வழியில் ஒயர் மிகக் குறைவு. அதற்கேற்ற இன்டேக் மேனிஃபோல்டு ஒன்றும், காயில்களை இயக்கும் இக்னிஷன் பெட்டி ஒன்றும் வைத்தால் என்ஜின் ஓடும். ஆனால் எக்ஸாஸ்ட் வாயுவில் எஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் சென்சார் இல்லாததால் காற்று–பெட்ரோல் விகிதத்தைத் திருத்த ஆளில்லை. எக்ஸாஸ்ட் குழாயில் புகையின் நச்சைக் குறைக்கும் மூவழி கன்வர்ட்டர் சரிவர வேலை செய்ய அந்த விகிதம் ஒரு குறுகிய எல்லைக்குள் நின்றாக வேண்டும். 1976 மாடலுக்கு இந்த வழி அடைபட்டது. 1975 மாடலுக்குத் தடை சொல்ல சோதனை இல்லை என்றாலும், பெட்ரோலைப் பீய்ச்சும் நல்ல உட்செலுத்து அமைப்போடு வந்த என்ஜினில் கார்பரேட்டரைப் பூட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஹாலி நிறுவனத்தின் டெர்மினேட்டர் எக்ஸ் போன்ற தனித்தியங்கும் இ.சி.யு. இதைவிட வெகுவாக மேலானது. அதற்கென்றே செய்த ஒயர் கட்டு கூடவே வருகிறது. அகலவீச்சு ஆக்சிஜன் சென்சாரைப் படித்து எரிபொருள் அட்டவணையைத் தானே திருத்திக்கொள்கிறது. வாங்கும்முன் கிராங்க் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சென்சாருக்குத் தருவது 24 துடிப்பா 58 துடிப்பா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்: ஸ்டார்ட்டருக்குப் பின்னால் பிளாக்கில் செருகியிருக்கும் சென்சார் கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் 24, சாம்பல் நிறமாக இருந்தால் 58. 1975 மாடலுக்கு நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான், அதுவும் கன்வர்ட்டர்களோடு சேர்த்து. சட்டம் விலக்களிப்பது சோதனைக்கு மட்டுமே; பின்னால் வருபவர் சுவாசிக்கும் காற்று இரண்டு வண்டிக்கும் ஒன்றுதான். ஆனால் 1976 மாடலுக்கு இந்தப் பெட்டி உதவாது. பின்புற ஆக்சிஜன் சென்சாரை வைத்துக் கன்வர்ட்டரைக் கண்காணிக்கும் வேலையும், பெட்ரோல் ஆவிக் கசிவைத் தேடும் வேலையும், சோதனைக் கருவிக்குப் பதில் சொல்லும் முழு ஓ.பி.டி.-2 என்ற சுயபரிசோதனை அமைப்பும் அதில் இல்லை.

காரணம் மாநிலத்தின் என்ஜின் மாற்று விதியில் இருக்கிறது. ஏற்றும் என்ஜின் வண்டியின் ஆண்டையோ அதற்குப் பிந்தைய ஆண்டையோ சேர்ந்ததாக இருக்க வேண்டும். கனரக வண்டியின் என்ஜினை இலகு வண்டியில் வைக்கக் கூடாது. அந்த என்ஜின் தன் சொந்த வண்டியில் எந்தெந்த மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளோடு வந்ததோ அத்தனையும் புதிய வண்டியிலும் இருந்து இயங்க வேண்டும். முடித்த வண்டியை ரெஃப்ரீ என்ற தனி ஆய்வாளரிடம் காட்டி அடையாளச் சீட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆக, 2001-ஆம் ஆண்டு என்ஜினை ஏற்றிய 1976 டாட்சன், மாசுக் கணக்கில் 2001-ஆம் ஆண்டு வண்டியாகிறது.

அதனால்தான் கொடை வண்டியின் சொந்த ஒயர் கட்டும் சொந்தக் கணினியும் முக்கியமாகின்றன. உழைப்பு மிகுதியாகக் கேட்கும் வழி இது. செலவு குறைந்த சட்டவழியும் இதுவே. 1998 முதல் 2002 வரையிலான செவ்ரோலெட் கமாரோவை எடுத்துக்கொண்டால், 2000 வரையிலான எல்.எஸ்.1-இல் எக்ஸாஸ்ட் வாயுவைத் திருப்பி அனுப்பும் ஈ.ஜி.ஆர். குழாய் உண்டு, 2001, 2002 மாடல்களில் இல்லை. என்ஜின் சந்தையில் இரண்டும் ஒரே பெயரில்தான் விற்கின்றன, ஆனால் பின்னதை வாங்கினால் பொருத்தவும் ஆய்வில் காட்டவும் ஒரு கருவி குறைகிறது.

இந்தக் கட்டை மேசையில் விரித்து, டேப்பை உரித்து, ஒயர் ஒயராகப் பிரிப்பதுதான் வேலை. கதவு, விளக்கு, ஏ.சி. ஆகியவற்றுக்குப் போகிறவற்றைக் கழித்தால் வண்டியோடு இணைக்க வேண்டியவை சிலதே மிஞ்சும். ஆரஞ்சு ஒயர் எப்போதும் பாட்டரியோடு இருக்க வேண்டியது; இளஞ்சிவப்பு, சாவியைத் திருப்பினால் உயிர் பெற வேண்டியது; பச்சையில் வெள்ளைக் கோடு, பெட்ரோல் பம்ப் ரிலேக்கு; பழுப்பில் வெள்ளைக் கோடு, என்ஜின் எச்சரிக்கை விளக்குக்கு. இளஞ்சிவப்பு ஒயரை எங்கே சேர்க்கிறோம் என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். பழைய கார்களில் சாவியை ஸ்டார்ட் நிலைக்குத் திருப்பும்போது சில சர்க்யூட்டுகளில் மின்சாரம் நின்றுவிடும். அவற்றில் ஒன்றில் சேர்த்துவிட்டால் என்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது, சாவியை விடும் அந்தக் கணத்தில் ஒரு முறை இருமி அடங்கும். ஸ்டார்ட் நிலையிலும் 12 வோல்ட் நிற்கிறதா என்று மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு இணைத்தால் இந்த அலைச்சல் வராது. விசிறிகளுக்கும் பம்புக்குமான சுமையை டாட்சனின் பழைய ஃப்யூஸ் பெட்டியின் மேல் ஏற்றாமல் பாட்டரியிலிருந்து தனி ஃப்யூஸும் ரிலேயும் வைக்க வேண்டும். சிலிண்டர் ஹெட்டிலிருந்து பாடிக்குத் தடித்த எர்த் பட்டையும் வேண்டும். அது தளர்ந்தால் நல்ல சென்சாரும் கெட்டதுபோல் தெரியும்.

கட்டை இளைக்க வைக்கும் ஆர்வத்தில் பலர் வெட்டிவிடும் ஒயர்கள்தான் 1976 மாடலுக்கு உயிர்நாடி. எல்.எஸ்.1-இல் ஒவ்வொரு பக்கமும் கன்வர்ட்டருக்கு முன் ஒன்று, பின் ஒன்று என நான்கு ஆக்சிஜன் சென்சார்கள். முன்னது ஓயாமல் மேலும் கீழும் துடிக்க, பின்னது ஏறக்குறைய அசையாமல் நின்றால் கன்வர்ட்டர் வேலை செய்கிறது என்று கணினி முடிவு செய்கிறது. பின்னதை வெட்டினால் அந்த முடிவு ஒருபோதும் வராது. பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரிப்பெட்டி, அதன் இரண்டு சோலனாய்டு வால்வுகள், டேங்க் அழுத்த சென்சார் ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். ஆவிக் கசிவுச் சோதனையைத் தொடங்க டேங்க் 15 முதல் 85 சதவீதத்துக்குள் நிரம்பியிருப்பதைக் கணினி அறிய வேண்டும். டேங்கில் பெட்ரோல் அளவைக் காட்டும் டாட்சனின் மிதவை தரும் மின்தடை அதற்குப் புரியாது. எனவே ஜெனரல் மோட்டார்ஸ் மிதவையையே டேங்கில் பொருத்துவது நல்லது. கியர்பெட்டியின் வேக சென்சாரையும் விட்டுவிடக் கூடாது: வண்டி நகர்கிறது என்று தெரியாத கணினி, ஓட்டத்தில் செய்ய வேண்டிய சுயசோதனைகளைத் தொடங்குவதே இல்லை.

இன்னொரு தடை திருட்டுத் தடுப்பு. கமாரோவின் பாடி கணினியிலிருந்து அனுமதி வராவிட்டால் என்ஜின் கணினி பெட்ரோலை நிறுத்திவிடும். மென்பொருளைத் திருத்தி இதை நீக்குவதே பரவலான வழக்கம். ஆனால் 2021 ஜூலை முதல் கலிபோர்னியப் புகைச் சோதனையில் மாற்றப்பட்ட மென்பொருளையும் தேடுகிறார்கள். எனவே அந்த அனுமதிச் சமிக்ஞையை வெளியிலிருந்து தரும் சிறு பெட்டியைச் சேர்த்து, மென்பொருளைத் தொடாமல் விடுவது பாதுகாப்பானது.

ஈ-ராட் தொகுப்பில் இந்த உழைப்பில் பெரும்பகுதி இல்லை. 6.2 லிட்டர், 430 குதிரைத்திறன் கொண்ட புதிய எல்.எஸ்.3 என்ஜினோடு கணினி, ஃப்யூஸ் பெட்டியுடன் கூடிய ஒயர் கட்டு, மின்னணு ஆக்சிலரேட்டர் பெடல், கன்வர்ட்டர்கள், ஆக்சிஜன் சென்சார்கள், கரிப்பெட்டி எல்லாம் சேர்ந்தே வருகின்றன. கலிபோர்னியக் காற்றுவள வாரியத்தின் அனுமதி ஆணையும் அதற்கு உண்டு. நாள் கணக்கில் நீளும் ஒயர் வேலை சில இணைப்புகளாகச் சுருங்குகிறது. விலை அதிகம் என்பது ஒரு குறை. தொகுப்பு சொல்லும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையே வைத்து, கன்வர்ட்டரையும் அது சொல்லும் தூரத்திலேயே பொருத்த வேண்டும் என்பது டாட்சனின் ஸ்டியரிங் தண்டுக்குப் பக்கத்தில் இன்னும் பெரிய குறை. ஒயரிங்கில் மிச்சமான நேரம் எக்ஸாஸ்ட் குழாய் வளைப்பதில் போய்விடலாம்.

1976 மாடல் வைத்திருப்பவர், கையில் பணமிருந்து பொறுமை இல்லாவிட்டால் ஈ-ராடுக்குப் போகலாம். பொறுமை இருப்பவருக்கு நான் சொல்வது, என்ஜினை மட்டும் வாங்காமல் மோதி நொறுங்கிய 2001 அல்லது 2002 கமாரோவை முழுதாக வாங்குங்கள் என்பதே. பழைய உதிரிக் கடையில் தட்டில் வைத்து விற்கும் என்ஜினோடு கரிப்பெட்டி வருவதில்லை, டேங்க் அழுத்த சென்சாரும் மிதவையும் வருவதில்லை, ஒயர் கட்டும் பெரும்பாலும் கணினிக்கு ஒரு சாண் முன்பாக வெட்டப்பட்டே வருகிறது. முழு வண்டி வாசலில் நின்றால், எந்த ஒயர் எங்கே போய் முடிகிறது என்பதைப் படத்தைப் பார்க்காமல் விரலால் தொட்டே தொடர்ந்து போகலாம். கட்டைக் கழற்றும்முன் ஒவ்வொரு இணைப்பிலும் மறக்காமல் சீட்டு கட்டிவிடுங்கள்.