உழைக்கத் தேவையில்லாதவர்களுக்கான சேவை: ஒரு பயனாளியின் மதிப்பீடு

குடும்பச் சொத்தை டிரஸ்ட் ஒன்றில் வைத்து நிர்வகித்து, அதன் வருமானத்தை வாரிசுகளுக்கு மாதந்தோறும் அனுப்பிவைக்கும் சொத்து மேலாண்மைச் சேவை ஒன்றின் பயனாளியாக, வயதுக்கு வந்த நாள் முதல் இருந்துவருகிறேன். தாத்தா சம்பாதித்தார், அப்பா அதைக் கட்டிக்காத்தார். வயிற்றுப்பாட்டுக்காக வேலைக்குப் போக வேண்டிய கட்டாயம் எனக்கு இருந்ததில்லை. இப்படிப் பிறப்பது கொடுப்பினையா என்று கேட்பவர்கள் பணத்தின் அளவை மட்டுமே பார்க்கிறார்கள். அந்தப் பணம் எந்த விதிகளின் வழியாக வாரிசின் கைக்கு வருகிறது என்பதைப் பொறுத்தே அதற்கான விடை பெரிதும் மாறுகிறது என்பது என் அனுபவம். ஆகவே, நிறுவனத்தின் பெயரை விட்டுவிட்டு அதன் சேவையை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

நிர்வாகத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. பணம் தேதி தவறியதில்லை. வரிக் கணக்கு, தணிக்கை, காப்பீடு எதற்கும் நான் அலைந்ததில்லை. இருந்து தின்றால் குன்றும் மாளும் என்பதை நன்கு உணர்ந்தவர்கள் எழுதிய டிரஸ்ட் பத்திரம் அது: முதல் பணத்தில் யாரும் கைவைக்க முடியாது, விளைச்சலில் ஒரு பகுதிதான் செலவுக்கு வரும், பயனாளி தன் பங்கை அடகு வைக்கவும் முடியாது, கடன்காரர் அதைப் பறிக்கவும் முடியாது. இத்தகைய கட்டுப்பாடு எதற்கு என்று கேட்பவர்கள் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் குடும்பத்தைப் பார்க்கலாம். 1877-இல் இறந்த கொர்னீலியஸ் வாண்டர்பில்ட் சுமார் 10 கோடி டாலர் விட்டுச்சென்றார். பெரும்பகுதியைப் பெற்ற மகன் வில்லியம் ஹென்றி, 1885-இல் தாம் இறப்பதற்குள் அதை ஏறத்தாழ இரட்டிப்பாக்கினார். அடுத்து வந்த தலைமுறைகளில் அது மாளிகைகளாகவும் உல்லாசப் படகுகளாகவும் கரைந்தது.

இந்தச் சேவை எனக்குத் தந்த மிகப் பெரிய நன்மை பொருள் எதுவும் அன்று. அம்மா நோயில் படுத்திருந்த காலம் முழுவதும், யாரிடமும் விடுப்புக்காகக் கெஞ்சாமல் அவர் கட்டிலருகிலேயே இருக்க எனக்கு முடிந்தது. பக்கத்து அறையிலிருந்த மூதாட்டியின் மகன், ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் வந்து, தூங்கும் தாயைச் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, அவர் விழிப்பதற்குள் கிளம்பிவிடுவார். அவருடைய அன்பு என் அன்பைவிட எள்ளளவும் குறைந்ததன்று; அவருக்கு நேரம் இல்லை, எனக்கு இருந்தது, அவ்வளவுதான். இதைக் கொடுப்பினை என்று ஒப்புக்கொள்ளத் தயங்குகிற செல்வர்கள், பணத்தால் நிம்மதி வராது என்று பிறருக்கு உபதேசிக்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. வாரிசு சோம்பேறியாகிவிடுவார் என்ற அச்சத்தில், 'சம்பளத்துக்கு ஈடு' என்றொரு விதியை நிறுவனத்தின் ஆலோசகர்கள் எங்கள் பத்திரத்தில் சேர்க்கச் செய்தார்கள். வாரிசு வேலை செய்து எவ்வளவு ஈட்டுகிறாரோ, அடிப்படைத் தொகைக்கு மேல் அதே அளவு பணத்தை டிரஸ்ட்டும் தரும். அச்சம் ஆதாரமற்றது என்று சொல்லமாட்டேன். அமெரிக்கப் பொருளாதார வல்லுநர்கள் மூவர் 1993-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 1,50,000 டாலருக்கு மேல் வாரிசுச் சொத்து பெற்றவர்கள், 25,000 டாலருக்குக் கீழ் பெற்றவர்களைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேலையை விட்டு விலகும் வாய்ப்புள்ளவர்களாக இருந்தார்கள். ஆனால் வேலையை விடுவதும் உழைப்பை விடுவதும் ஒன்றல்ல என்பதை இந்த விதி கணக்கில் எடுப்பதே இல்லை. பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை ஒலிவடிவில் பதிவு செய்வது என் அன்றாடப் பணி. அதற்குச் சம்பளம் இல்லாததால் டிரஸ்ட்டின் கணக்கில் அது சுழியம். என் சித்தப்பா மகன் தரகு வேலையில் பெறும் கமிஷனோ இரட்டிப்பாகிறது. அவர்மேல் எனக்கு வருத்தம் எதுவுமில்லை. ஏற்கெனவே விலை கிடைக்கிற உழைப்புக்கு மேலும் விலை தந்து, விலை கிடைக்காத உழைப்பை வெறும் ஓய்வு என்று பதிவு செய்யும் விதியின்மேல்தான் வருத்தம்.

சார்லஸ் டார்வினை இந்த விதிக்குள் வைத்துப் பாருங்கள். செல்வந்த மருத்துவரின் மகனாகப் பிறந்த அவர் வாழ்நாளில் சம்பள வேலை எதையும் பார்த்ததில்லை. 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகள் கொட்டலசு என்னும் சிறு கடலுயிரிகளை அறுத்தும் வகைப்படுத்தியும் ஆராய்ந்தார். சம்பளத்துக்கு ஈடு என்ற கணக்கில் அந்த எட்டு ஆண்டுகளுக்கு அவருக்கு ஒரு காசும் கூடுதலாகக் கிடைத்திருக்காது.

வேலை தருவது கூலியை மட்டுமன்று என்பது உண்மையே. ஆஸ்திரியாவின் மரியந்தால் என்ற ஊரில் ஆலை மூடப்பட்ட பின் வேலையிழந்தவர்களை ஆராய்ந்து 1933-இல் நூலாக வெளியிட்ட குழுவில் ஒருவரான மரீ யஹோடா, வேலை என்பது நாளுக்கு ஒரு ஒழுங்கையும், குடும்பத்துக்கு வெளியே மனிதத் தொடர்பையும், பலரோடு சேர்ந்த நோக்கத்தையும், ஒரு மதிப்பையும் தருகிறது என்று பின்னாளில் விளக்கினார். அந்த ஊர் மக்களை வறுமை வாட்டியது. வாரிசுகளுக்கு அது இல்லை, ஆகவே இரண்டையும் சமமாக்கக் கூடாது. ஆனாலும் எனக்காகக் காத்திருக்க ஓர் ஆள் இல்லாத காலைப்பொழுது எப்படி உருவமற்றுப் போகும் என்பதை நான் அறிவேன். ஒலிப்பதிவுக்காக மாணவர்கள் தேர்வுத் தேதியோடு காத்திருக்கத் தொடங்கிய பிறகே என் நாளுக்குக் கரை கிடைத்தது. பண ஊக்கத்தொகை எதுவும் இதைச் செய்யவில்லை. ஆண்டுக் கூட்டங்களில் வரைபடங்களோடு வருகிற அலுவலர், நட்டத்தை எவ்வளவு தாங்குவீர்கள் என்று தவறாமல் கேட்கிறார். என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று இதுவரை கேட்டதில்லை.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. முதல் பணத்தைக் காக்கும் அதே விதி, அதைக் கொடுத்துவிடவும் தடையாக நிற்கிறது. தத்துவ அறிஞர் விட்கென்ஸ்டைன் 1919-இல் தம் பெரும் பரம்பரைச் சொத்தை உடன்பிறந்தாருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, மறு ஆண்டே சிற்றூர்ப் பள்ளி ஆசிரியராகப் போனார். ஆஸ்திரியாவின் மார்லீன் எங்கல்ஹார்ன், தமக்கு வந்த சொத்தில் 2.5 கோடி யூரோவை எப்படிப் பகிர்வது என்பதை 50 பொதுமக்கள் கொண்ட குழுவிடமே விட, 2024-இல் அவர்கள் முடிவெடுத்தார்கள். எங்கள் பத்திரத்தின்படி இந்த இரண்டும் நடக்காது. கைக்கு வந்த வருமானத்தைத் தரலாம், அவ்வளவே. மறுக்க உரிமையில்லாத பேற்றை அனுபவிப்பவர் எப்போதும் பிறர் வீட்டு விருந்தாளியாகவே இருந்துவிடுகிறார்.

ஆக, இப்படிப் பிறந்ததைக் கொடுப்பினை என்றே சொல்வேன். இந்தச் சேவையையும் நிர்வாகத் திறமைக்காகப் பரிந்துரைப்பேன். பிள்ளைகளுக்காக இத்தகைய ஏற்பாட்டைச் செய்ய நினைக்கிற பெற்றோர், கையெழுத்திடும் முன் பத்திரத்தில் மூன்று இடங்களைத் திருத்தச் சொல்லுங்கள். சம்பளத்துக்கு ஈடு என்ற விதியை நீக்குங்கள், அல்லது சம்பளமில்லாப் பணியையும் நோயாளியைப் பராமரிப்பதையும் அதில் சேருங்கள். குறிப்பிட்ட வயதுக்குப் பின், முதல் பணத்தில் ஒரு பங்கையாவது தானமாக எழுதிக்கொடுக்கும் உரிமையை வாரிசுக்குத் தாருங்கள். அறங்காவலரை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். எங்கள் பத்திரத்தில் அது நிறுவனத்திடமே இருக்கிறது, அதை மாற்றக் கோரி உடன்பிறந்தோர் அனைவரும் கையெழுத்திட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.