நனைந்து வந்தால் 499 பாட்: சீலோம் சந்தில் ஓர் ஆங்கிலேயர் கடையின் சொங்க்ரான் சலுகை

சொங்க்ரான் (தண்ணீர் ஊற்றிக் கொண்டாடும் தாய்லாந்துப் புத்தாண்டு) நாட்களில் பாங்காக்கில் சாப்பாட்டுக்கு அலைந்திருந்தால் தெரியும், சீலோம் ரோட்டை ஒட்டிய சந்துகளில் பாதிக் கடை மூடியிருக்கும், மீதிப் பாதியின் கண்ணாடிக் கதவில் ஈரத்தோடு உள்ளே வராதீர்கள் என்று ஒரு தாள் ஒட்டியிருக்கும். மூடியிருப்பதற்குக் காரணம் எளிது. தள்ளுவண்டிக்காரர்களும் சின்னக் கடைக்காரர்களும் பெரும்பாலும் ஈசான் (தாய்லாந்தின் வடகிழக்கு) பக்கத்து ஆட்கள், ஏப்ரல் 13 வந்தால் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். நமக்கு வழக்கமாக 70 பாட் (தாய்லாந்துப் பணம்) கொடுத்தால் முட்டை போட்ட பட் கப்ராவ் (துளசி இலை போட்டு வதக்கிய இறைச்சி, சாதத்தோடு) கிடைக்கிற மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலிகூட இருக்காது. அந்த இடைவெளியில்தான் வெளிநாட்டுக்காரர்கள் நடத்தும் பப்புகளும் உணவகங்களும் பலகையைத் தூக்கி வெளியே வைக்கின்றன. 2025-இல் பலகைகள் கொஞ்சம் கூடுதலாகவே தெரிந்தன. மார்ச் 28 நிலநடுக்கத்தில் சதுசக்கில் கட்டிக்கொண்டிருந்த அந்தத் தணிக்கை அலுவலகக் கட்டடம் சரிந்த வீடியோவை உலகமே பார்த்துவிட்டது, கூட்டம் வருமோ வராதோ என்ற பயம் இவர்களுக்கும் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

நாங்கள் போனது சாலா டேங் ரயில் ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிஷ நடையில் இருக்கும் ஒரு ஆங்கிலேயர் கடை. பெயர் போடவில்லை, ஏன் என்று கீழே படித்தால் புரியும். சலுகை இதுதான்: ஏப்ரல் 13, 14, 15 மூன்று நாளும் பகல் 12 முதல் மாலை 6 வரை, ஒரு மெயின் (முக்கிய உணவு), ஒரு பைன்ட் உள்ளூர் பீர் அல்லது ஒரு குளிர்பானம், ஒரு கரண்டி தேங்காய் ஐஸ்கிரீம், எல்லாம் சேர்த்து 499 பாட். நிபந்தனை ஒன்றே ஒன்று, நனைந்து வந்திருக்க வேண்டும். காய்ந்த சட்டையோடு வந்தால் வழக்கமான விலை.

நாங்கள் 14-ஆம் தேதி போனோம், நான், மனைவி, சென்னையிலிருந்து வந்திருந்த என் தம்பி. நமக்கும் வருஷப் பிறப்பு அன்றைக்குத்தான் என்பதால் காலையில் அதே சீலோம் ரோட்டின் இன்னொரு பக்கத்தில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு (19-ஆம் நூற்றாண்டில் நம் தமிழ் ஆட்கள் கட்டியது, உள்ளூர்க்காரர்களிடம் வாட் கேக் என்று கேட்டால்தான் தெரியும்) அங்கிருந்து நடந்தே வந்தோம். அந்த ஒன்றரைக் கிலோமீட்டரில் சலுகைக்கு வேண்டிய தகுதி எங்களுக்கு நாலைந்து மடங்கு கிடைத்துவிட்டது. வண்டி எதுவும் விடாமல் ரோட்டை அடைத்திருப்பார்கள், இரண்டு பக்கமும் நடைபாதையில் ஐஸ் கட்டி மிதக்கும் டிரம்களோடு ஆட்கள். ஐஸ் தண்ணீர் முதுகில் விழும்போது வருகிற சத்தம் எல்லா மொழியிலும் ஒன்றுதான்.

கடைக்குள் நுழைந்ததும் எனக்குப் பிடித்துப்போன விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வாசலில் ஒரு வெள்ளி நிறக் கிண்ணம், அதில் மல்லிகை மிதக்கும் தண்ணீர். பக்கத்தில் கடை முதலாளி, எழுபது வயது இருக்கும், பூப்போட்ட சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வேலை செய்யும் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவர் உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வணங்கிவிட்டுப் போனார்கள், அவர் ஈரக் கையால் அவர்கள் தலைக்கு மேல் ஏதோ ஆசி சொன்னார், உச்சரிப்பு கொடுமை, ஆனால் தாய்லாந்து மொழியில்தான் சொன்னார். எங்களுக்கு முன்னால் ஒரு ஆள் மடிப்புக் கலையாத சட்டையும் லேப்டாப் பையுமாக வந்து நின்றார், ஸ்கைவாக் (ரோட்டுக்கு மேலே போகும் நடைபாலம்) வழியாகவே வந்திருப்பார் போல, ஒரு சொட்டு ஈரம் இல்லை. சலுகை உண்டா என்று கேட்டார். சர்வர் பெண் அவரைப் பையைக் கீழே வைக்கச் சொல்லி, அதே கிண்ணத்திலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளித் தோளில் விட்டு, கன்னத்தில் வெள்ளை மண் பொடிக் குழம்பை இரண்டு விரலால் இழுத்துவிட்டு, "இப்போது உண்டு" என்றாள். ரோட்டில் முகத்துக்கு நேராகத் தண்ணீர்த் துப்பாக்கி பிடிப்பவர்களுக்கு நடுவில் இந்த ஒரு கைத் தண்ணீர் நன்றாக இருந்தது.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். நான்கு மெயின்: ஃபிஷ் அண்ட் சிப்ஸ், மாட்டிறைச்சி பை (மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுடுவது), வெஜ் பர்கர், அப்புறம் பலகையின் கடைசி வரியில், இந்தக் கடையில் எதிர்பார்க்கவே முடியாத காவ் சே என்ற தாய்லாந்துக் குளிர்ந்த சாதம்.

ஃபிஷ் அண்ட் சிப்ஸ் எனக்கு. மீன் மேல்மாவு மொறுமொறுப்பாக இருந்தது, உள்ளே மீன் பிரிந்து பிரிந்து வந்தது, மசித்த பட்டாணி டப்பாப் பட்டாணி என்று நாக்கே சொல்லிவிட்டது. சிப்ஸ் தடிமனாக வெட்டியது, ஆனால் ஈரக் கையோடு எடுத்தால் உப்பெல்லாம் விரலில் ஒட்டி, கடைசியில் நான் உப்பைத்தான் அதிகம் சாப்பிட்டேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை, ஆகா என்று சொல்லவும் ஒன்றும் இல்லை. மனைவி வருஷப் பிறப்பு என்று சைவம். (நான் அந்தக் கட்டுப்பாட்டில் சேரவில்லை.) அவளுக்கு இருந்த ஒரே வழி வெஜ் பர்கர், அது ஃப்ரீசரிலிருந்து நேராக எண்ணெய்க்குப் போன பட்டாணி உருண்டை, நடுவில் இன்னும் சில்லென்று இருந்தது. திருப்பி அனுப்பினோம், சூடாக்கிக் கொண்டுவந்தார்கள், சூடான பிறகும் ருசி வரவில்லை. சைவக்காரர்கள் இந்தச் சலுகையை மறந்துவிடலாம்.

தம்பி காவ் சே கேட்டான். அவனுக்கு அது என்னவென்றே தெரியாது, "அண்ணா, சாதம்னு போட்டிருக்கு" என்பதற்காக மட்டும் கேட்டான். வந்ததைப் பார்த்ததும் நானும் மனைவியும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டோம். காவ் சே இங்கே ஏப்ரல் வெயிலுக்கென்றே உள்ள சாப்பாடு, மோன் என்ற பழைய இனத்து மக்களின் சொங்க்ரான் வழக்கத்திலிருந்து வந்து அரண்மனை அடுக்களைக்குப் போய் மெருகேறியது. அரிசியை முக்கால் வேக்காட்டில் எடுத்து, பசை போகும்வரை தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, பிறகு ஆவியில் வேகவைத்து, மல்லிகை ஊறிய, வாசனை மெழுகுவர்த்திப் புகை காட்டிய தண்ணீரில் போட்டு ஐஸோடு கொடுப்பார்கள். நம் பழைய சோற்றுக்குப் பட்டுப்புடவை கட்டி மல்லிகை சூடிய மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பருக்கை இன்னொன்றோடு ஒட்டவில்லை, கிண்ணத்தைச் சாய்த்தால் தனித்தனியாக நகர்ந்தது.

பக்கத்தில் சின்னச் சின்னத் தட்டுகள். இறால் விழுதை மீனும் மூலிகையும் சேர்த்து இடித்து உருட்டி, முட்டையில் தோய்த்துப் பொரித்த உருண்டை, சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். பன்றி இறைச்சி அடைத்த மிளகாய், அதைச் சுற்றி முட்டையை வலைபோல் ஊற்றிப் போர்த்தியிருந்தார்கள். இனிப்பாக வதக்கிய முள்ளங்கி வற்றல். வெள்ளரி, பச்சை மாங்காய்த் துண்டுகள். தம்பி உருண்டையைத் தூக்கிச் சாதத் தண்ணீரில் போடப் போனான், சர்வர் பெண் ஓடிவந்து தடுத்தாள். முதலில் உருண்டையைக் கடிக்க வேண்டும், அந்தக் காரமும் இறால் வாசனையும் வாயில் இருக்கும்போதே ஒரு கரண்டி குளிர்ந்த சாதம், தண்ணீரோடு. தண்ணீரில் எண்ணெய்ப் படலம் வந்துவிட்டால் மல்லிகை வாசனை போய்விடும். அவள் சொன்னபடி செய்தான், நானும் ஒரு வாய் வாங்கினேன், அப்புறம் இன்னொரு வாய். சமையலறையில் இருக்கும் அம்மா ஒருவர் முந்தைய நாள் ராத்திரியே அரிசி கழுவ ஆரம்பித்துவிடுவாராம். ஒரு நாளைக்குக் கொஞ்சம் தட்டுகள்தான் செய்கிறார், முடிந்தால் முடிந்ததுதான். பை சாப்பிட வருகிற கூட்டத்தில் பலர் அந்தக் கடைசி வரியைப் படிப்பதே இல்லை போல, நல்லதாகப் போயிற்று.

இப்போது கோபப்பட வேண்டிய இடம். 2025 ஏப்ரலில் தாய்லாந்தில் பகல் 2 முதல் 5 வரை கடைகளில் மது விற்கக் கூடாது என்று இருந்தது, 1972-இல் ராணுவ ஆட்சி போட்ட உத்தரவிலிருந்து வந்த விதி, அப்போது இங்கே கொஞ்ச நாள் இருந்த எல்லாருக்கும் தெரியும். பகல் 12 முதல் 6 வரை பீரோடு சேர்த்துச் சலுகை என்று பலகை வைத்தால், அந்த ஆறு மணி நேரத்தில் மூன்று மணி நேரம் பீர் இல்லை என்று அர்த்தம். அந்த வரி பலகையில் இல்லை. மெனுவின் பின்பக்கத்தில், மிளகுத் தூள் அளவு எழுத்தில் இருந்தது: 2 முதல் 5 வரை பீருக்குப் பதில் எலுமிச்சை சோடா, விலையில் மாற்றம் இல்லை. நாங்கள் ஒன்றே முக்காலுக்கு உட்கார்ந்ததால் எனக்கும் தம்பிக்கும் பைன்ட் கிடைத்தது. பக்கத்து மேஜைக்கு 2 மணி தாண்டி வந்த நாலு பேர், சொட்டச் சொட்ட, இந்த பீரை நினைத்துத்தான் வந்திருக்கிறார்கள். அவர்கள் போட்ட சத்தம் முழுக்க அந்தச் சர்வர் பெண் தலையில் விழுந்தது. முதலாளி கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டார். வாசலில் ஆசி வாங்கிய பெண்ணை உள்ளே இப்படித் தனியாக விடுவது எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் அவள் சமையலறைக்குப் போய் ஆளுக்கு ஒரு இளநீர் கொண்டுவந்து சமாதானப்படுத்தினாள், மெனுவில் இல்லாதது, பில்லிலும் வராது என்று எங்களிடம் கண்ணைச் சிமிட்டினாள். கடை பெயரை நான் எழுதாததற்கு அந்த இளநீர்தான் காரணம்.

பணக் கணக்கு. பலகையில் 499 என்பதற்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருக்கும், அதைப் பார்க்காமல் விடாதீர்கள். முதல் கூட்டல் 10 சதவீத சர்வீஸ் சார்ஜ், இரண்டாவது அதற்கும் மேல் 7 சதவீத வாட் வரி. ஆக 499 உண்மையில் 587. மூன்று பேருக்கு 1,762 பாட் வந்தது, நம் ரூபாயில் நாலாயிரத்து ஐந்நூறு பக்கம். வழக்கமான மெனுவை வாங்கிப் பார்த்தேன், எனக்கு இந்த வியாதி உண்டு. மீன் 390, பீர் 160, ஐஸ்கிரீம் 80, ஆக 630, எனக்கு 131 பாட் மிச்சம். தம்பியின் காவ் சே 280, அதோடு பீரும் ஐஸ்கிரீமும் சேர்த்து 520, அவனுக்கு மிச்சம் 21. மனைவிக்கு பர்கர் 290, சோடா 80, ஐஸ்கிரீம் 80, மொத்தம் 450. அதாவது அவள் சலுகை வாங்கியதில் 49 பாட் நஷ்டம். மூன்று பேருக்கும் சேர்த்து 103 பாட் லாபம். ஈரம் துவட்டும் துண்டுக்கு வாடகை தலைக்கு 40, ஆக 120. கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

துண்டு வேண்டாம் என்று சொல்ல முடியாது, அதுதான் சூட்சுமம். உள்ளே ஏசி அப்படி. வெளியே வெயில் கொளுத்துகிறது, நாம் முழுக்க நனைந்து உள்ளே வந்து உட்கார்ந்தால் பத்தாவது நிமிஷம் பல் தந்தி அடிக்கும். பெஞ்சுகளுக்கு பிளாஸ்டிக் உறை போட்டு, தரையில் ரப்பர் மேட் விரித்து, துப்பாக்கியில் இலவசமாகத் தண்ணீர் நிரப்பிக்கொள்ள வாசலில் ஒரு குழாய்கூட வைத்து, இவ்வளவு யோசித்தவர்களுக்கு ஏசியைக் குறைக்கத் தோன்றவில்லை. கேட்டால் இரண்டு டிகிரி கூட்டுகிறார்கள், அப்புறம் சமையலறைப் பக்கத்திலிருந்து யாரோ வந்து மறுபடி குறைத்துவிடுகிறார்கள். ஜன்னல் பக்கத்து மேஜை கேளுங்கள், ஏசிக் காற்று அங்கே நேராக வராது.

பணம் கட்டும்போது இன்னொரு கூத்து. எல்லாரும் போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருக்கிறோம், உறைக்குள் நீராவி படிந்து கேமரா எதையும் படிக்கவில்லை, க்யூஆர் கோட் முன்னால் ஆளாளுக்கு போனை ஆட்டிக்கொண்டு நிற்கிறார்கள். காசாக வைத்திருங்கள். 20 பாட் நோட்டு பிளாஸ்டிக், நனைந்தாலும் கவலை இல்லை, 500 மாதிரிப் பெரிய நோட்டெல்லாம் காகிதம், ஒரு சின்ன ஜிப் கவரில் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள். டிப்ஸ் மட்டும் கையில் கொடுங்கள், சர்வீஸ் சார்ஜ் போகிற இடம் நமக்குத் தெரியாது, ஊருக்குப் போகாமல் நமக்காக நின்றவர்கள் அவர்கள்.

இருந்தாலும், இதே சலுகை மறுபடி வந்தால் போகலாமா என்று கேட்டால், சீலோமில் நனைந்துவிட்டு எங்காவது உட்கார வேண்டும், கழிவறை வேண்டும், முகத்து மண்ணைக் கழுவ வேண்டும் என்கிற நிலையில் இருந்தால் தாராளமாகப் போகலாம். அந்த 2 முதல் 5 தடை அப்போது இருந்தால் பீர் குடிப்பவர்கள் ஒன்றரைக்குள் உட்கார்ந்துவிடுங்கள், இல்லையென்றால் 5 மணிக்குப் போங்கள், சலுகை முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும், ஆனால் காவ் சே அதற்குள் தீர்ந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இரண்டும் வேண்டுமென்றால் மதியம்தான் வழி. குடிக்காதவர்கள் சலுகைத் தாளை ஓரமாக வைத்துவிட்டுத் தனித்தனியாக ஆர்டர் செய்யுங்கள், மலிவாக முடியும்.

அந்த வருஷத்துச் சலுகை 15-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. காவ் சே மட்டும் வெயில் தணியும்வரை மெனுவில் இருக்கும் என்று அப்போது சொன்னார்கள், அதே 280 பாட், காய்ந்த சட்டையோடு போனாலும் கொடுப்பார்களாம்.