நிறமில்லாத சீலர்: மூன்று மழைக்காலத்துக்குப் பிறகு

ரங்கூன் பக்கம் வீடு பூசி முடித்தவர்கள் கேட்பது ஒன்றுதான்: "சீலர் அவசியமா? நேரே எமல்ஷன் அடித்தால் என்ன?" சீலர் என்பது பெயிண்டுக்கு முன்னால் சுவரில் அடிக்கும் அடிப்பூச்சு, எமல்ஷன் என்பது தண்ணீர் பெயிண்ட். புதுச் சிமெண்ட் பூச்சின் காரம் பி.எச். 12, 13 வரை நிற்கும். அதன்மேல் நேரே அடித்தால் அடர்நிறங்கள் திட்டுத் திட்டாக வெளுக்கும். எண்ணெய் பெயிண்டாக இருந்தால் சோப்பாகிப் பிசுபிசுக்கும். ஆக, சீலர் வேண்டும். எந்த சீலர் என்பதில்தான் வழக்கு.

இங்கே சொல்வது தண்ணீரில் கரையும், காரம் தாங்கும் அக்ரிலிக் சீலர். வாளியில் பால் மாதிரி இருப்பது, காய்ந்தால் கண்ணாடி. மூன்று மழைக்காலம் தாண்டியும் உள்சுவரில் எங்கும் உரியவில்லை, நிறம் வெளுக்கவில்லை. மூலையைத் தேய்த்தால் கையில் மாவு ஒட்டுவதில்லை. இந்த விலைக்கு இவ்வளவு பிடிப்பை எதிர்பார்க்கவே முடியாது.

ஆனால் அந்தக் கண்ணாடித்தனம்தான் உயிரை வாங்குகிறது. ரோலர் போன இடம் பத்து நிமிடத்தில் மறைந்துவிடும். விட்டுப்போன இடம் எது என்று அப்போது தெரியாது. எமல்ஷன் முதல் கை, அதாவது முதல் பூச்சு, காய்ந்ததும் தெரியும். சீலர் படாத இடம் பெயிண்டின் ஈரத்தையும் பசையையும் உறிஞ்சி மங்கலாக நிற்கும், பட்ட இடம் மினுங்கும். சன்னல் பக்கவெளிச்சத்தில் சுவர் தேமல் பிடித்த மாதிரி இருக்கும். அந்த இடத்தில் மட்டும் தொட்டு வைத்தால் தேமல் இடம் மாறுமே தவிரப் போகாது. மூலையிலிருந்து மூலை வரை முழுச் சுவரையும் மறுபடி உருட்ட வேண்டும். மூன்று வருடமாகக் கம்பெனிக்காரர்களுக்கு வாளியில் இதைப்பற்றி ஒரு வரி அச்சடிக்கத் தோன்றவில்லை!

சமாளிக்க ஒரு வழி உண்டு. 4 லிட்டர் சீலரில், மேலே அடிக்கப்போகும் அதே தண்ணீர் எமல்ஷனை 100 மில்லி கலந்து கலக்கினால் லேசாக நிறம் தெரியும். அதற்கு மேல் ஊற்றினால் சீலர் ஊடுருவாமல் மேலேயே படியும். டர்பன்டைன் வகைப் பெயிண்டைக் கலக்கவே கூடாது. ஒரு கையில் டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்து, ஈரம் மினுங்காத இடத்தைப் பார்த்துக்கொண்டே போவதும் உதவும்.

அளவு: லிட்டருக்கு 10 சதுர மீட்டர் என்று வாளியில் இருப்பது பட்டி பார்த்த வழவழப்பான சுவருக்கு. ஸ்பாஞ்ச் போட்டுத் தேய்த்த வெறும் பூச்சில் 6, 7 தாண்டாது. பட்டித்தூசியை ஈரத்துணியால் துடைக்காமல் அடித்தால் சீலர் தூசியைப் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது.

இரண்டு மணி நேரத்தில் அடுத்த கை என்று வாளியில் இருப்பது மார்கழிப் பனிக்காலக் கணக்கு. ஆடி, ஆவணி மழையில் ஐந்தாறு மணி நேரமும் போதாது. ஃபேன் வைத்துக் காயவிடலாம் என்றால் கரண்டை நம்ப வேண்டும். பூசி 28 நாள் கழித்துப் பெயிண்ட் அடிக்கலாம் என்ற கணக்கும் சிமெண்ட் இறுகுவதற்கு உரியது, காய்வதற்கு அல்ல. இரண்டடிச் சதுர பாலிதீனை நாலு பக்கமும் டேப் போட்டு ஒரு நாள் ஒட்டி வையுங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்தால் இன்னும் பொறுக்க வேண்டியதுதான். மேலே உப்புப் பூத்திருந்தால் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும். தீபாவளிக்குப் பூச்சு, பொங்கலுக்குப் பெயிண்ட் என்ற பழைய வழக்கம் எந்த வாளி எழுத்தையும் விட நம்பத்தகுந்தது.

குளியலறைச் சுவரின் அடி ஒன்றரை அடி உப்பிப் பொரிவதைச் சீலர் தலையில் கட்டக் கூடாது. பின்னாலிருந்து தள்ளும் தண்ணீரை முன்னால் பூசிய படலம் நிறுத்தாது. குழாயைப் பாருங்கள்.

இனி வாங்குவதா? இல்லை. அடுத்த வீட்டுக்கு வெள்ளை நிற சீலர்தான், காசு கூடப் போனாலும். உழைப்பில் இதைக் குறை சொல்ல முடியாது என்பது தெரிந்தேதான் சொல்வது. மிச்சமிருக்கும் அரை வாளியை அலமாரிக்குப் பின்சுவருக்கு வைத்துக்கொள்ளலாம். அங்கே தேமல் விழுந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்.